பிசிறு எடுக்கப் போய்...

பெங்களூருக்கு மாற்றல் என்று உத்தரவு வந்ததும் ஸ்ரீராம்புரத்தில் வீடு பார்த்ததற்கு ஒரே காரணம், வாடகையைத் தமிழில் பேசலாம் என்பதுதான். காலையில் பூக்காரம்மாவில் ஆரம்பித்து இரவு இட்லிக்கடை வரைக்கும் இங்கே தமிழ் ஓடும். கன்னடம் தெரியாத குற்ற உணர்ச்சி மெட்ரோ ஸ்டேஷன் படியேறும் போதுதான் வரும் :-)

கீழ் வீட்டில் வீட்டுக்காரர் குடும்பம். பெரியவர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பின்னி மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்டார். இந்தப் பேட்டையில் பாதிக் குடும்பங்களின் கதை இதுதான். பெரியவரின் பேரன் பொறியியல் கடைசி வருஷம் படிக்கிறான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனின் அம்மா மாடிக்கு வந்து ஒரு முறையீடு வைத்தார்.

"சார், நீங்க பேங்க்ல ஆபீசரு. நீங்க சொன்னா கேப்பான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பொட்டியக் கட்டிக்கிட்டு அழறான். காசு வருமாடான்னா வராதுங்கறான். அப்ப எதுக்குடான்னா, உனக்குச் சொன்னாப் புரியாதுங்கறான்."

எனக்குச் சொன்னால் மட்டும் புரிந்துவிடுமா என்ன? நான் பி.காம். ஆனாலும் ஆபீசர் என்று சொல்லிவிட்டார்களே, கீழே இறங்கிப் போனேன்.

"என்ன தம்பி, ராத்திரியெல்லாம் என்ன வேலை?"

"பேக்கேஜிங், அங்கிள்."

அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். அன்று அவன் சொன்னதும், பிறகு நானே தேடிப் படித்ததும் சேர்ந்து ஒரு சின்னச் சரித்திரமாகவே சேர்ந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலபேர் இப்படி ராத்திரி கண்விழிக்கிறார்கள். என்ன செய்கிறார்கள் என்று பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் செய்துகொண்டிருந்தது இது: பைத்தான் மொழியில் எழுதிய நிரல்களில் பிழை பார்க்கும் ஃபிளேக்8 என்ற கருவிக்கு யாரோ ஒருவர் ஒரு சின்னச் செருகுநிரல் எழுதியிருக்கிறார். அதை டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நிரல் அவன் எழுதியதில்லை. கட்டித் தருவது மட்டும் அவன் வேலை. இந்த மாதிரிப் பிழை பார்க்கும் கருவிகளுக்கு லிண்டர் என்று பெயர்.

லிண்டர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீஃபன் ஜான்சன் என்பவர் 1978-இல் ஒரு கருவி எழுதினார். சி மொழியில் எழுதிய நிரலை அதற்குக் கொடுத்தால், ஓடாமல் போகிற பிழைகளை அல்ல, ஓடும் ஆனால் என்றாவது காலை வாரிவிடும் என்கிற இடங்களை அது சுட்டிக்காட்டும். அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத மாறி, மதிப்பே வைக்காமல் எடுத்தாண்ட மாறி, எண் வர வேண்டிய இடத்தில் வேறொன்று, இப்படி. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தருகிற கம்பைலருக்கு வேகம் முக்கியம், அது இதையெல்லாம் நின்று பார்க்காது. நின்று நிதானமாகப் பார்ப்பதற்கென்று ஒரு தனிக் கருவி. அதற்கு அவர் வைத்த பெயர் லிண்ட். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸோடு அது வெளியுலகத்துக்கும் போனது.

லிண்ட் என்றால் துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுப் பிசிறு. வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் காதில் இது விழுந்துவிட்டது.

"பிசிறா? அதுல நான் முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன்" என்றார்.

அவர் மில்லில் ஃபோல்டிங் டிபார்ட்மெண்டில் இருந்தவர். நெய்து வந்த துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, பிசிறு, முடிச்சு, விட்டுப்போன இழை எல்லாம் பார்த்துச் சரிசெய்து அனுப்புகிற வேலை. பேரன் கணினியில் செய்வதும் ஏறக்குறைய அதேதான் என்று அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

லிண்ட்டின் வாரிசுகள் இன்று ஒவ்வொரு மொழிக்கும் உண்டு. பைத்தானுக்குப் பைலிண்ட் 2003-இல் வந்தது. ஜாவாஸ்க்ரிப்ட்டுக்கு டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ஜேஎஸ்லிண்ட் 2002-இலும், நிக்கோலஸ் சாக்கஸின் இஎஸ்லிண்ட் 2013-இலும் வந்தன. பிந்தியவற்றில் விசேஷம், யார் வேண்டுமானாலும் தன் விதியை ஒரு செருகுநிரலாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது டெபியன். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக் 1993 ஆகஸ்ட் 16 அன்று இதை அறிவித்தார். தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன். காசு வாங்காத ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து நடத்துவது. உபுண்டு இதிலிருந்து பிறந்ததுதான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 69 ஆயிரத்துக்கும் மேல் பொதிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதைக் கட்டிய ஓர் ஆளோ ஒரு குழுவோ உண்டு.

பொதி கட்டுவது எப்படி என்று தம்பி விளக்க விளக்க எனக்கு நம் வங்கிக் கிளையிலேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

முதலில் "இந்தப் பொதியை நான் கட்டப் போகிறேன்" என்று பொதுவில் அறிவிக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்யாமலிருக்க. பிறகு மூல நிரலோடு டெபியன் என்ற பெயரில் ஓர் அடைவு. அதில் சில கோப்புகள். இந்தப் பொதி என்ன செய்யும், வேறு எந்தெந்தப் பொதிகளை நம்பி நிற்கிறது என்று ஒன்று. யாருக்கு உரிமை, எந்த உரிமத்தில் வெளியானது என்று ஒன்று. என்று என்ன மாற்றம் செய்தோம் என்று தேதி வாரியாக ஒன்று. எப்படிக் கட்டுவது என்ற கட்டளைகள் ஒன்றில். கணக்குத் தொடங்கும் படிவம், கேஒய்சி, லெட்ஜர் எல்லாம் இதில் அடக்கம் :-)

அதன் பிறகு துடைத்து வைத்த மாதிரி ஒன்றுமே இல்லாத சூழலில் அதைக் கட்டிப் பார்க்க வேண்டும். நம் பொட்டியில் தற்செயலாக இருக்கிற ஏதோ ஒன்றை நம்பி அது ஓடிக்கொண்டிருந்தால் அங்கே குட்டு உடைந்துவிடும்.

கட்டியாயிற்றா? நேராக ஏற்ற முடியாது. தம்பி போன்ற புது ஆட்களுக்கு ஏற்றும் அதிகாரம் கிடையாது. அங்கீகாரம் பெற்ற டெபியன் உறுப்பினர் ஒருவர் பார்த்து, தன் மின்னணுக் கையெழுத்தைப் போட்டு ஏற்ற வேண்டும். பதிபவர் ஒருவர், சரிபார்த்து அனுமதிப்பவர் வேறொருவர் என்று நாம் வங்கியில் மேக்கர், செக்கர் வைத்திருக்கிறோமே, அதேதான். முதல்முறை வருகிற பொதியானால் புதியவர்களுக்கான வரிசையில் வேறு காத்திருக்க வேண்டும். அங்கே உரிமம் முதலானவற்றை இன்னொரு குழு பார்க்கும். இத்தனையும் தாண்டி முதலில் 'நிலையற்ற' கிளைக்குள் போகும். பெரிய குறை எதுவும் சில நாட்களில் வெளிப்படாவிட்டால் 'சோதனை'க் கிளைக்கு நகரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போல 'நிலையான' வெளியீடாக வெளிவரும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கட்டிய பொதியைச் சரிபார்க்க டெபியனுக்கென்றே ஒரு லிண்டர் இருக்கிறது. பெயர் லிண்டியன். கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸும் ரிச்சர்ட் பிராக்மனும் 1998-இல் எழுதியது. பொதி டெபியனின் விதிகளுக்கு உட்பட்டு இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்து, இது பிழை, இது எச்சரிக்கை என்று பட்டியல் போடும். அதாவது, அடுத்தவன் பிசிறு பார்க்கிற கருவியைப் பொதி கட்டினாலும் அந்தப் பொதியிலேயே பிசிறு பார்க்க இன்னொருவன் உண்டு. ஆடிட்டருக்கே ஆடிட்!

லிண்டியன் சொல்வதை எல்லாம் கேட்டே ஆக வேண்டும் என்பதில்லை. "இது பிழையில்லை" என்று நமக்கு உறுதியாகத் தெரிந்தால் அதற்கென்று ஒரு கோப்பில் எழுதி அந்த எச்சரிக்கையை ஒதுக்கலாம். ஏன் ஒதுக்குகிறோம் என்று காரணத்தையும் எழுதிவைப்பது நல்ல வழக்கம். இந்தச் சின்ன ஏற்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அடுத்த கதையைக் கேட்டால்தான் புரியும்.

2006-இல் நடந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்று ஒரு மென்பொருள். இணையத்தில் ரகசியமாகப் பேசிக்கொள்ள வேண்டிய சாவிகளை உருவாக்கித் தருவது. டெபியனில் அதைப் பொதி கட்டுகிறவர்களுக்கு ஒரு புகார் வந்தது. வால்கிரைண்ட் என்ற பிழை பார்க்கும் கருவி, இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிற நிரல்களில் எல்லாம் "மதிப்பு வைக்காத நினைவகத்தைப் படிக்கிறாய்" என்று எச்சரிக்கிறது, தொல்லையாக இருக்கிறது என்று. பொதி கட்டுபவர் தேடிப் பார்த்தார். இரண்டு இடங்களில் ஒரே மாதிரி வரி. ஓப்பன்எஸ்எஸ்எல் ஆட்களின் மடல்குழுவில், இவற்றை எடுத்துவிடலாமா என்று கேட்கவும் கேட்டார். வந்த பதில்கள் தடை சொல்லவில்லை. எடுத்துவிட்டார். எச்சரிக்கை நின்றது. 2006 செப்டம்பரில் அந்தப் பொதி டெபியனுக்குள் போனது.

அந்த இரண்டு வரிகளில் ஒன்று போனால் ஒன்றும் நஷ்டமில்லை. மற்றொன்றுதான், யாராலும் ஊகிக்க முடியாதபடி சாவி அமைவதற்காகச் சேகரித்த எண்களையெல்லாம் உள்ளே கலக்குகிற வரி. அது போனதும் கலப்பதற்கு மிச்சமிருந்தது, அந்த நேரத்தில் ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கிற செயல் எண் ஒன்றுதான். அது அதிகபட்சம் 32,768. ஒரே வகைக் கணினியில் ஒரே அளவுச் சாவியென்றால் அவ்வளவு வேறுபாடுகளுக்கு மேல் பிறக்க வழியே இல்லை.

நம் பாஷையில் சொல்கிறேன். ஏடிஎம் அட்டையின் நாலு இலக்க ரகசிய எண்ணுக்கு 10,000 வாய்ப்புகள். அதைப் போல மூன்று மடங்கு கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஏடிஎம்மாவது சில முறை தப்பாகப் போட்டால் அட்டையை முடக்கிவிடும். இங்கே சாவிகள் அத்தனையையும் முன்கூட்டியே செய்து பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

யாரும் கவனிக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. 2007 ஏப்ரலில் வந்த நிலையான வெளியீட்டிலும், உபுண்டுவிலும் அது போய் உட்கார்ந்துகொண்டது. 2008 மே 13 அன்றுதான், லூசியானோ பெல்லோ என்ற டெபியன்காரர் கண்டுபிடித்ததை வைத்து எச்சரிக்கை வெளியானது. ஏறக்குறைய இருபது மாதங்களில் அந்தக் கணினிகளில் செய்த சாவிகளையெல்லாம் உலகம் முழுக்கத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. பழுதுபார்ப்பு ஒரு வரிதான். பரிகாரம்தான் ஊர் முழுக்க.

தம்பி இதைச் சொல்லி முடித்ததும் பெரியவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"புதுசா வர்ற பசங்க கிட்ட நாங்க சொல்றதுதான் இது. பிசிறுன்னு நெனச்சு இழுப்பான். அது பிசிறா இருக்காது, ஊடு இழையோட முனையா இருக்கும். இழுத்தான்னா கோடு போட்ட மாதிரி துணி பூரா ஓடிடும். மொதல்ல விரல்ல புடிச்சுப் பாரு, அது எங்க போவுதுன்னு பாரு, அப்புறம் இழு."

எனக்கு அதற்கப்புறம் பேச்சு வரவில்லை. காரணம் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஊர்ப் பக்கத்தில் ஒரு கிளையில் இருந்தேன். ஆடிட் வந்தது. சண்ட்ரி டெபாசிட் கணக்கில் நீண்ட நாளாகத் தீர்க்கப்படாத பதிவுகள் இருக்கின்றன என்று ஒரு பத்தி எழுதிவிட்டுப் போனார்கள். மாதக் கடைசிக்குள் பத்தியை மூட வேண்டும் என்று மேலே இருந்து தினமும் போன். ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்து நாற்பத்துச் சொச்சம் பதிவுகளையும் ஒரே மூச்சில் வேறு தலைப்புக்கு மாற்றி அனுப்பிவிட்டேன். ஒவ்வொன்றும் யாருடைய பணம், ஏன் நின்றது என்று பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். ஆட்சேபம் நீங்கியது. பாராட்டும் வந்தது.

ஏழு மாதம் கழித்து ஓர் அம்மா வந்தார். இறந்துபோன கணவரின் வைப்புத்தொகை முதிர்ந்த பணம். வாரிசுப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் கணக்கில் ஏறாமல் நின்றிருந்தது. நான் மாற்றி அனுப்பிய நாற்பத்துச் சொச்சத்தில் அதுவும் ஒன்று. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதைத்தான் நம்பியிருந்தார். பணம் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அதைத் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்க இரண்டு மாதமானது. அதற்குள் கட்டணக் கெடு தாண்டிவிட்டது. வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. அலைந்ததைக்கூடப் பெரிதாகச் சொல்லவில்லை. "சின்ன எழுத்துதான சார், நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா வந்து கையெழுத்துப் போட்டிருப்பேனே" என்று மட்டும் சொன்னார்.

ஆட்சேபத்தை நீக்குவது வேறு, ஆட்சேபத்துக்குக் காரணம் என்னவென்று பார்ப்பது வேறு. முதலாவதை நான் செய்தேன். 2006-இன் அந்த மனிதராவது நாலு பேரிடம் கேட்டார். நான் அதுவும் செய்யவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு. 2024 மார்ச். ஆன்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் டெபியனின் நிலையற்ற கிளையில் ஏதோ வேக அளவீடு செய்துகொண்டிருந்தார். வெளியிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழக்கத்தைவிட அரை விநாடி போலத் தாமதித்தது. அரை விநாடி! நாமாக இருந்தால் நெட்வொர்க் சரியில்லை என்று டீ குடிக்கப் போயிருப்போம். அவருக்கோ சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையில் அதே வால்கிரைண்ட் கொடுத்த ஒரு விசித்திரமான எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில் பின்வாசல் ஒன்று வைத்திருந்தது தெரிந்தது. 2021-லிருந்து நல்லபிள்ளையாக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்புக்கு வந்த புனைபெயர்க்காரர் ஒருவரின் வேலை. டெபியன் அல்லது ரெட் ஹேட் வகைப் பொதியாகக் கட்டும்போது மட்டும் உள்ளே புகும்படி செய்திருந்தார்கள். வால்கிரைண்ட் எச்சரிக்கை வருகிறது என்று மற்றவர்கள் சொன்னதும் அதை 'சரிசெய்து' அடுத்த பதிப்பும் விட்டிருந்தார்கள். எச்சரிக்கையை அமுக்குவது திருடனுக்கும் கைவந்த கலை.

மார்ச் 29 அன்று அவர் விஷயத்தை வெளியிட்டார். நிலையற்ற, சோதனைக் கிளைகள் வரை வந்திருந்தது. நிலையான டெபியனுக்குள் போகவில்லை. படிப்படியாகக் காத்திருக்க வைக்கிற அந்த ஏற்பாடு, தம்பியின் அம்மா "இன்னுமா முடியல" என்று கேட்கிற அந்தத் தாமதம், அன்றைக்கு உலகத்தைக் காப்பாற்றியதில் பங்கு வகித்தது.

அந்தத் தாமதம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது, அதுவும் லிண்டர் செருகுநிரல்களிலேயே. ஜாவாஸ்க்ரிப்ட் உலகத்தில் எழுதியவரே நேராக என்பிஎம் என்ற கிடங்கில் போட்டுவிடலாம், நடுவில் செக்கர் கிடையாது. 2018 ஜூலையில் இஎஸ்லிண்ட் திட்டத்துப் பொறுப்பாளர் ஒருவரின் கணக்கு களவுபோய், மற்றவர்களின் நுழைவுச் சான்றுகளைத் திருடுகிற நிரல் சில மணி நேரம் வெளியில் இருந்தது. 2025 ஜூலையில் இஎஸ்லிண்ட்டோடு சேர்ந்து ஓடும் பிரெட்டியர் செருகுநிரல் ஒன்றைப் பராமரிப்பவருக்குப் போலி மின்னஞ்சல் வந்தது. நம் வாடிக்கையாளர்களுக்கு 'கேஒய்சி புதுப்பிக்கவும்' என்று வருமே, அதே ரகம். ஏமாந்துவிட்டார். செருகுநிரலின் பெயரிலேயே நச்சு நிரல் வெளியானது. பிழை பார்க்க வைத்த கருவியே களவுக்குக் கதவாகிவிட்டது.

இதெல்லாம் யாரோ எங்கோ செய்வது என்று நினைத்துவிட வேண்டாம். டெபியனில் தமிழ் எழுத்துருக்களுக்கென்றே பொதி உண்டு. சி-டாக் நிறுவனம் 2007 ஜனவரியில் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியன் மேல் கட்டியதுதான், வேலை நடந்தது சென்னையில். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன்காரர்களின் மாநாடு ஒன்று நடந்தது. அதே வருஷம் செப்டம்பரில் அவர்களுடைய உலக மாநாடு முதல்முறையாக இந்தியாவுக்கு, கொச்சிக்கு வந்தது. தமிழில் ஓர் எழுத்து திரையில் ஒழுங்காகத் தெரிகிறதென்றால், எங்கோ யாரோ காசு வாங்காமல் ராத்திரி உட்கார்ந்து கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

போன வாரம் தம்பி மாடிக்கு வந்தான். பொதி கட்டியாயிற்று, லிண்டியன் ஓர் எச்சரிக்கை காட்டுகிறது, ஒரு கோப்பில் ஒரு வரி அளவுக்கு மீறி நீளமாக இருக்கிறதாம். அந்தச் செருகுநிரலின் வேலைகளில் ஒன்று, நீளமான வரிகளைக் கண்டுபிடிப்பது. அதைச் சோதிக்கத்தான் வேண்டுமென்றே அந்த நீண்ட வரியை வைத்திருக்கிறார்கள்.

"மொதல்ல அந்த வரியை வெட்டிடலாம்னு கை போயிடுச்சு அங்கிள். வெட்டினா எச்சரிக்கை போயிடும், ஆனா சோதனையும் செத்துடும். அப்புறம் தாத்தா சொன்னது ஞாபகம் வந்தது."

வெட்டவில்லை. எச்சரிக்கையை ஒதுக்குகிற கோப்பில் எழுதி, அதன் மேல் ஏன் என்று இரண்டு வரியில் காரணமும் எழுதியிருந்தான். படித்துக் காட்டினான். நான் பார்த்த பல ஆடிட் பதில்களைவிடத் தெளிவாக இருந்தது. இப்போது உறுப்பினர் ஒருவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறான். எத்தனை நாளாகும் என்று தெரியாது.

கீழே போய் அவன் அம்மாவிடம் சொன்னேன்: "காசு வராதுதான் அக்கா. ஆனா உங்க மாமனார் மில்லுல பாத்த வேலையைத்தான் இவனும் பாக்கறான். பாக்கட்டும் விடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு மேல உக்காரக் கூடாதுன்னாவது சொல்லுங்க சார்" என்றார்.

அதைச் சொல்லியிருக்கிறேன்.